படகுகிட்ட நில்லு

படகு என்றுதான் சொன்னாள். சவரி படகு என்றுதான் சொன்னாள், நான் கண்ணால் பார்த்தேன். காலையிலிருந்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கம்பளித்துண்டால் சுற்றிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரி நடந்தவள், நாங்கள் பிரிகிற இடத்தில் அந்தத் துண்டு ஒரு நொடி நழுவித் தாடைக்கு வந்தது, உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தது, நாக்கு உள்ளே எங்கேயோ தட்டியது, கடைசியில் வாய் குவிந்தது, படகு, படகுகிட்ட நில்லு, உடனே துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் துண்டுக்கு உள்ளேயே போய்விட்டது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டிப் பழகின தலைதானே. அவளும் ஜக்கம்மாவும் மேட்டில் ஏறினார்கள், மேலே நின்றால் ஏரி மொத்தமும் தெரியும் என்று ஜக்கம்மா இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள், எனக்கு வலது முட்டி விடியும்போதே முனக ஆரம்பித்துவிட்டது, அதனால் நான் இடது கைப்பக்கம் கரையோடு கரையாக வந்து இந்தக் கவிழ்த்துப் போட்ட படகைப் பிடித்து உட்கார்ந்தேன். அரை மணியில் வந்துவிடுவோம் என்றார்களோ ஒரு மணியில் என்றார்களோ. பிரியும்போது மணி இரண்டு. இப்போது மூன்றேகால். ஏரி இருந்தது, இப்போது இல்லை. மேடு இருந்தது, அதுவும் இல்லை. என் கைத்தடியின் நுனி தெரிகிறது, படகின் முதுகில் தார் பூசின கோடு தெரிகிறது, அதற்கு அப்பால் வெள்ளை. காலையில் கோணக்காட்டு டீக்கடையில் அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தான். மீசை வைத்த ஆள் பேசினால் எனக்குப் பாதிதான் கிடைக்கும், மீதியை நானாகப் போட்டு நிரப்பிக்கொள்வேன். மத்தியானத்துக்கு மேல பஞ்சு எறங்கும், பாத்துப் போங்க என்றார். நானும் பெரிய மனுசி மாதிரி சரிங்கண்ணே என்றேன். இந்த மலை உச்சியில் யாருக்குப் பஞ்சு இறங்கும், இங்கே என்ன மில்லா ஓடுகிறது, ஏதோ லாரி வரும்போல, ஓரமாய் நடக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருசம் நூல் மில்லில் கிடந்தவளுக்கு இறங்குவதென்றால் பஞ்சுதான் இறங்கும். பஞ்சு இல்லையடி கூறுகெட்டவளே, மஞ்சு. மலைக்காரர்கள் மூடுபனியை மஞ்சு என்றுதான் சொல்வார்கள், இது எனக்குத் தெரியாததா, தெரியும், ஆனால் உதட்டில் பஞ்சும் மஞ்சும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்ன, அவர் சொன்னதும் தப்பில்லை நான் எடுத்துக்கொண்டதும் தப்பில்லை, பஞ்சுதான் இறங்கியிருக்கிறது, பொதியைப் பிரித்துக் கொட்டினால் கூடம் முழுக்கப் பறக்குமே, இமையில் ஒட்டும், மூக்குக்குள் போகும், அதே மாதிரி. அதில் இருமல் வரும். இதில் குளிர் வருகிறது.

வந்துவிடுவார்கள். சவரி ஒரு இடம் சொன்னால் அந்த இடத்தில் இருப்பாள், மில்லில் ஒரு நாள் ஷிப்டுக்குப் பிந்தியதில்லை, இந்தப் பயணமே அவள் போட்ட கணக்குதானே. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்போம், மூன்று பேர் தலையிலும் பஞ்சு, எதிரே நீலமாய் ஒரு மலை. எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பது வருசம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மலைக்கு மேல ஒரு ஏரி இருக்காம்டி, சுத்தி நடந்தா ரெண்டு நாளாகுமாம் என்று ஜக்கம்மா சொல்லுவாள், அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓய்வு வாங்கி மூன்று வருசம் கழித்து இந்த மாசிக்குத்தான் கால் வந்தது. ஓட்டலில் தங்குகிற வசதி நமக்கு எங்கே, சவரி, தான் ஞாயிற்றுக்கிழமை பாடப் போகிற வேதக்கோவில் சாமியாரிடம் கேட்டுக் கோணக்காட்டில் ஒரு ஹாலை வாங்கிவிட்டாள், பாயும் அவர்களே கொடுத்தார்கள். ஜக்கம்மா மூன்று அரிசிச் சாக்கை எடுத்து இரண்டு பக்கமும் வார் வைத்துத் தைத்து முதுகில் மாட்டுகிற பை ஆக்கினாள், வாருக்கு என்ன வைத்தாள் தெரியுமா, மில்லில் கதிரைச் சுற்ற வைக்கிற டேப், அறுந்தது என்று தூக்கிப் போட்டதை எப்போதோ வீட்டுக்குக் கொண்டு போய் வைத்திருந்திருக்கிறாள். இருபது வருசம் ஓடின டேப்புடி, உங்க ரெண்டு பேரு உசுரு போனாலும் இது போகாது என்றாள். புளிச்சோறு, கடலைமிட்டாய், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், ஆளுக்கொரு சேலை, ஆண்பிள்ளை ஸ்வெட்டர். காலையில் ஏரி முனையில் நாலு பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்த்தோம், முதுகில் ஆளுயரப் பை, காலில் பூட்ஸ். அதில் ஒரு பெண் எங்களைப் பார்த்து ஓடி வந்தாள். நல்ல சிவப்பாய் உதட்டுச்சாயம் போட்டிருந்தாள், சாயம் போட்ட பிள்ளைகள் பேசினால் எனக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த மாதிரி, ஒரு சொல் தப்பாது. “பாட்டி, இந்த பேக் எங்க வாங்குனீங்க? சூப்பரா இருக்கு” என்றாள். ஜக்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பாட்டியா? நாங்க மூணு பேரும் அக்கா. இந்தப் பை லண்டன்ல மட்டும்தான் கெடைக்கும், உள்ள பொன்னி அரிசின்னு எழுதியிருக்கும் பாரு” என்றாள். அந்தப் பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. போகும்போது அதுதான் சொன்னது, ஏரியோட அந்தப் பக்கம் பச்சையா தெரியறது தரை இல்லக்கா, பாசி, கால வச்சா உள்ள போயிடும், குச்சியால குத்திப் பாத்து நடங்க. குத்திப் பார்த்தேன். என் தடி முழங்கால் ஆழத்துக்குப் போய்ச் சப்பென்று வெளியே வந்தது. அந்தச் சப் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, கையில்தான் தெரிந்தது.

கேட்கவில்லை. இதோ இப்போதுதான் இந்தச் சொல்லை எனக்குள்ளேயே முழுசாய்ச் சொல்கிறேன். இடது காது சுத்தமாய்ப் போய்விட்டது. வலதில் ஏதோ இருக்கிறது, பக்கத்தில் வெடி வைத்தால் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், மனுசர் பேச்சு கிணற்றுக்குள் விழுந்த குடம் மாதிரி எங்கேயோ இடிபடும். ஆனால் அமைதி என்று நினைக்காதே. உள்ளே மில் ஓடுகிறது. நான் ஓய்வு வாங்கி வந்துவிட்டேன், என் காதுக்குள் இன்னும் ஷிப்ட் முடியவில்லை, பகல் ராத்திரி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நூறு கதிர் ஒரே சுருதியில். இந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது கூடுதலாய் ஓடுகிறது. எனக்கு மில்லில் என்ன பேர் தெரியுமா, பாம்புக்காது. பாம்புக்காது குருவம்மா. அத்தனை இரைச்சலில் எந்தக் கதிர் நோக்காடு பிடித்திருக்கிறது என்று நான் நடந்துபோகும்போதே சொல்லுவேன், பிட்டர் வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும். ஏன் குருவு, என் வீட்டுல நான் போடுற சண்டையும் உனக்குக் கேக்குமா என்று அந்த பிட்டர் கேட்பார். கேக்கும், நீங்க தோக்குறதும் கேக்கும் என்பேன். அந்தப் பேரை வைத்துக்கொண்டு எப்படிப் போய்ச் சொல்வது. ஒளிப்பதும் சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் வினை. மில்லுக்காரிகள் எல்லாருக்கும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கத் தெரியும், அந்த இரைச்சலில் தொண்டையால் பேசினால் செத்துப்போவோம், வாயை விரியத் திறந்து, கையை ஆட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் திருகிக் காட்டினால் இழை அறுந்துபோச்சு ஒட்டு என்று அர்த்தம், தலையில் கையை வைத்தால் மேஸ்திரி வருகிறார். அப்படியே பேசிப் பழகினவர்கள் வெளியே வந்தும் அப்படியே பேசினோம், அதனால் நாலு வருசமாய் இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போன் மட்டும்தான் கஷ்டம். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன், நாலு வருசமாய் அது ரிப்பேர். வீட்டில் மருமகள் நான் வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறேன் என்று நினைக்கிறாள், நினைத்துவிட்டுப் போகட்டும், திமிர் பிடித்தவள் என்கிற பேர் தேவலை. நேற்று பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சவரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள், தோள் குலுங்குவதை வைத்துச் சிரிப்புக் கதை என்று கண்டுகொண்டு நானும் சிரித்தேன், திரும்பிப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. செத்துப்போன தங்கச்சியைப் பற்றியோ என்னவோ. ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராத்திரி முழுக்க அந்தப் பார்வை என்னோடு பாயில் படுத்திருந்தது. அதற்காகத்தான் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு வருகிறாளோ. இல்லை, குளிர். குளிராகத்தான் இருக்கும்.

வெள்ளத்தாய்க்கு இப்படித்தான் இருந்திருக்குமா. இந்த நேரத்தில் அவள் எதற்கு நினைப்பில் வருகிறாள், கூப்பிடாமலே வந்து படகில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், நெற்றியில் பெரிய பொட்டு, வாயில் வெற்றிலை. எங்களுக்கு மூத்தவள், நாங்கள் சேர்ந்தபோதே அவளுக்குக் காது முழுசாய்ப் போயிருந்தது. மில்லுக்குள் அவளும் எங்களில் ஒருத்தி, ஒரு குறையும் தெரியாது. கேண்டீனில்தான் தெரியும். அங்கே இரைச்சல் இல்லை, நாங்கள் குரலைத் தணித்துக்கொள்வோம், அவள் மட்டும் மில்லுக்குள் பேசுகிற அதே கத்தலில் எனக்கு ஒரு வடைடீ என்பாள், கூடமே திரும்பிப் பார்க்கும். யார் ஆரம்பித்தது அந்த விளையாட்டை. நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது, நான்தான். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவேன், என்னக்கா, நேத்து மாமா என்ன வாங்கியாந்தாரு என்று. அவளுக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியும், அல்வா வாங்கியாந்தாருடீ என்று ஊரைக் கூட்டுவாள், நாங்கள் எட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எங்கள் முகத்தை ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாள், என்னடி, எதுக்குடி சிரிப்பு, சொன்னா நானும் சேந்து சிரிப்பேன்ல. நான் கையை இப்படி, ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு வீசு வீசி, ஒண்ணுமில்லக்கா என்பேன். ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை அவளுக்கு எத்தனை தடவை கொடுத்திருப்பேன். ஒரு ஆளை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதற்கு அந்த ஒரு சொல் போதும் என்று அப்போது தெரியவில்லை. கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்புறம் கேண்டீனுக்கு வருவதையே விட்டுவிட்டாள், தன் மெசினுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவாள், இரைச்சலுக்குள்ளேயே, அங்கேதான் அவளும் எல்லாரும் ஒன்று. எனக்குக் காது போனதில் பயமில்லை. என் கையில் அடித்துச் சொல்கிறேன், பயமில்லை. சவரியும் ஜக்கம்மாவும் ஒருநாள் எதற்கோ சிரிப்பார்கள், நான் என்னடி என்பேன், அவர்கள் ஈயை விரட்டுவார்கள். அந்தக் கை எனக்கு வேண்டாம். உலகத்தில் எனக்கென்று இருப்பது இந்த இரண்டு வாய்தான்.

குளிர் முட்டிக்குள் போய்விட்டது. பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டேன், கொஞ்சம் சூடு. ஏன் வரவில்லை. படகுகிட்ட நில்லு என்று சொல்லிவிட்டுப் படகை மறந்துவிட்டார்களா. சவரி மறக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் மேட்டில் மாட்டிக்கொண்டார்களா. இல்லை வந்துவிட்டு வேறெங்கோ நின்று என்னைத் தேடுகிறார்களா. வேறெங்கே. சவரியின் வாயை மறுபடியும் மனசில் ஓட்டிப் பார்க்கிறேன், உதடு ஒட்டிப் பிரிந்தது, நாக்கு தட்டியது, வாய் குவிந்தது. ப, ட, கு. சரிதான். என் உதட்டில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன், படகு. ஒட்டிப் பிரிகிறது. காலையில் இந்த ஏரியில் என்னென்ன பார்த்தோம், நாணல், ஒரு நாரை, இந்தப் படகு, அந்தக் கோடியில் தண்ணீர் திறந்துவிடுகிற இடம், கல் கட்டிடம், இரும்புச் சக்கரம், ஜக்கம்மா அதைத் திருகப் போய்ச் சவரி கையில் அடித்தாளே, மதகு. மதகு. ஐயோ. விரலை வைத்துச் சொல்கிறேன், மதகு. ஒட்டிப் பிரிகிறது, தட்டுகிறது, குவிகிறது. படகு. மதகு. இரண்டுக்கும் ஒரே வாய். குளிரில் ஒழுகுகிற மூக்கைத் துண்டால் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன், மதகு, அப்போதுதான் விரலில் ஒரு சின்ன அதிர்வு, வண்டு உரசின மாதிரி. படகு என்றால் அது இல்லை. வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. மூக்கைப் பார்த்து யார் பேச்சைப் படிக்கிறார்கள். மஞ்சைப் பஞ்சாக்கினபோதே சுதாரித்திருக்க வேண்டாமா. அவர்கள் மதகில் நிற்கிறார்கள். ஏரியின் அந்தக் கோடியில் நின்று, குருவு, குருவு என்று ஒரு மணி நேரமாய்க் கத்திக்கொண்டிருப்பார்கள், பாம்புக்காதுக்காரிக்கு இந்நேரம் கேட்டிருக்குமே என்று, பதில் வரவில்லையே என்று. பதில் வராவிட்டால் சவரி என்ன நினைப்பாள். விழுந்துவிட்டாள் என்று நினைப்பாள். தேடி வருவார்கள், கரையோடு வருவார்கள், வரும் வழியில்தான் அந்தப் பச்சை. முன்னால் யார் வருவாள், ஜக்கம்மாதான் வருவாள், எதிலும் முந்திரிக்கொட்டை, ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேசன் ஆகியிருக்கிறது, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும்தான், பட்டப்பகலிலேயே படியைத் தடவுகிறவள். இந்த வெள்ளையில் பச்சை எங்கே வெள்ளை எங்கே. அவளிடம் தடிகூட இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு சத்தம் கொடுத்தால் மேட்டுப்பக்கமாய்ச் சுற்றி வருவார்கள். கொடுத்தால், எங்கடி இருக்க என்று அவர்கள் கேட்பார்கள். எனக்குக் கேட்காது. அப்போது தெரிந்துபோகும். பேசாமல் நானே மதகுக்கு நடந்தால் என்ன, ஆனால் அந்தப் பச்சை எனக்கும் பச்சைதானே, எதிரெதிரே வந்து ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போனாலும் எனக்குத் தெரியாது. இன்னும் ஐந்து நிமிசம் பார்க்கலாம், மஞ்சு விலகினாலும் விலகும். ஐந்து நிமிசத்தில் ஜக்கம்மா எத்தனை எட்டு வைப்பாள். போன் பையில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, இருந்தாலும் அதில் நான் என்ன கேட்கப் போகிறேன். தடியை ஊன்றி எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். வெள்ளத்தாய் என்னையே பார்க்கிறாள்.

“சவரி” என்று கத்தினேன். கத்தினேனா. தொண்டை கிழிகிற மாதிரி இருந்தது, நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன், உள்ளே அதிர்ந்தது, அது ஒன்றுதான் சாட்சி. “ஜக்கம்மா, தண்ணிப்பக்கம் வராத! மேட்டுப்பக்கமா சுத்தி வா! நான் படகுகிட்ட இருக்கேன்!” நின்று கவனித்தேன், எதைக் கவனிக்க, உள்ளே மில்தான் ஓடுகிறது. இந்த ஒரு சத்தத்தை வைத்து இந்த வெள்ளையில் அவர்களால் திசை கண்டுபிடிக்க முடியாது. என் குரலைக் கேட்டுக்கொண்டே நடக்க முடிந்தால்தான் உண்டு, நான் நிறுத்தினால் திசை தப்பிவிடும், ஒரு இடத்தில் நின்று என் பதிலுக்குக் காத்திருப்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன், எதற்கு மூடினேன் தெரியவில்லை. “எனக்குக் காது கேக்காதுடி! நாலு வருசமா கேக்காது! நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காது, பதில் வரலைன்னு நிக்காதீங்க, நான் கத்திக்கிட்டே இருக்கேன், சத்தத்தைப் புடிச்சு வாங்க!” வந்துவிட்டது. வெளியே வந்துவிட்டது, இனி உள்ளே போகாது. அதற்கப்புறம் சும்மா நிற்க முடியாதே, கத்திக்கொண்டே இருக்க வேண்டுமே, எதைக் கத்துவது. ஒன்று இரண்டு என்று எண்ணினேன், நாற்பதில் அலுத்துவிட்டது. கிழமையெல்லாம் சொன்னேன். பஸ் நிலையத்தில் சொல்கிற மாதிரி வத்தலக்குண்டு, பண்ணைக்காடு, பெருமாள்மலை என்று ஊர்ப் பேரெல்லாம் கத்தினேன். அப்புறம் வாய் தானாகப் போக ஆரம்பித்தது. “சவரி, நேத்து பஸ்ஸுல நீ அழுதது எனக்குத் தெரியலடி, சிரிக்கிறதா நெனச்சுச் சிரிச்சுட்டேன், நீ என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை சொல்லுடி! ஜக்கு, உன் மக கல்யாணத்துல நீ மைக்குல என்னைய பத்திப் பேசுனியே, ஒரு எழுத்து வெளங்கல, அழுகணும்போல இருந்துச்சு, அழுதேன், அம்புட்டுத்தான்! வெள்ளத்தாயக்காவ நான்தான் கேண்டீன விட்டுத் தொரத்துனேன், நீங்க இல்ல, நான்தான்!” ஒரு ஏரி நிறைய மஞ்சுக்கு முன்னால் நின்று கை கூப்பிக்கொண்டு கத்துகிறேன், யாராவது பார்த்தால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். தொண்டையில் ஊறுகாய்க் காரம். மூக்கு ஒழுகுகிறது. வெள்ளத்தாய் பேசினதும் இந்தக் குரலில்தானே என்று நினைத்தேன், தன் குரல் தனக்குக் கிடைக்காத கத்தல். எனக்கு ஒரு வடைடீ. அதையும் கத்தினேன். “எனக்கு ஒரு வடைடீ!”

தோளில் கை விழுந்தது. சவரி. மூச்சு வாங்குகிறது, புருவத்தில் பனி முத்து முத்தாய் நிற்கிறது, வாயைச் சுற்றின துண்டு மேலும் கீழும் துடிக்கிறது, திட்டுகிறாள் என்று தெரிகிறது, என்ன திட்டு என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் ஜக்கம்மா, ஒரு கால் தொடை வரைக்கும் சேறு, செருப்பு ஒன்றைக் காணோம். அந்தச் சேற்றைப் பார்த்ததும் படகில் உட்கார்ந்துவிட்டேன். சவரியின் துண்டைக் காட்டினேன். அவள் சட்டென்று நிறுத்தினாள். துண்டைக் கீழே இழுத்தாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, கழுத்திலிருந்து சுற்றுச் சுற்றாய் மொத்தமும் பிரித்துச் சுருட்டித் தன் அரிசிப் பைக்குள் திணித்தாள். உதடு நீலமாய் இருந்தது. “எத்தன வருசம்னு சொன்ன?” என்றாள். “நாலு.” “நாலு வருசமா நான் பேசுனதுல ஒனக்கு எம்புட்டுடி கேட்டுச்சு?” “பாதி.” “மிச்சத்துக்கு எதுக்குடி தலைய ஆட்டுன?” “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆட்டுனேன்.” அவள் வாய் மூடிக்கொண்டது, தாடை மட்டும் நடுங்கியது, அது குளிரா வேறா என்று உதட்டைப் படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும். அந்த நேரம் பார்த்து ஜக்கம்மா பக்கவாட்டில் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டுத் தானே குலுங்கினாள், சவரிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. “என்னடி?” என்றேன். சவரியின் கை எழுந்தது. ஈயை விரட்டுகிற கை, எனக்கு அதைத் தெரியாதா, என்னுடைய கைதானே அது. பாதி தூரம் வந்தது. நின்றது. அப்படியே திரும்பி ஜக்கம்மாவின் தோளைப் பிடித்து இழுத்து என் முகத்துக்கு நேராய் நிறுத்தியது. “திரும்பச் சொல்லு. இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்றாள். ஜக்கம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, வாயை விரியத் திறந்து, மில்லுக்குள் பேசுகிற மாதிரி பேசினாள். “வேதக்கோயில்ல சவரி பாடுன பாட்டு ஒண்ணுகூட ஒனக்கு நாலு வருசமா கேக்கல. குடுத்து வச்சவடி நீ. அதைத்தான் சொன்னேன்.” நான் சிரித்தேன். அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தேன், ஆனால் அதே சிரிப்பைத்தான் சிரித்தேன்.

“படகுன்னா சொன்னேன்? மதகுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி” என்றாள் சவரி. ரெண்டும் ஒரே வாய்தான் என்றேன். நம்பவில்லை. ஜக்கம்மாவைச் சொல்லச் சொன்னாள், ஜக்கம்மா சத்தமில்லாமல் சொன்னாள் போலிருக்கிறது, சவரி அவள் வாயையே உற்றுப் பார்த்தாள், அப்புறம் ஜக்கம்மா தன் நல்ல கண்ணை வைத்துச் சவரி வாயைப் பார்த்தாள், ஆமாடி, ஆமாடி என்று இரண்டு பேரும் என்னை மறந்து மதகு படகு மதகு படகு என்று அசைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுக்குள் மூன்று கிழவிகள், முதுகில் பொன்னி அரிசி. நான் எழுந்து போய்ச் சவரியின் மூக்கு ஓரத்தில் சுட்டுவிரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. இப்பச் சொல்லு என்றேன். “படகு” என்றாள். விரல் சும்மா இருந்தது. “மதகு” என்றாள். வண்டு உரசியது. அவளுக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. விரலை எடுக்கப் போனேன், என் மணிக்கட்டைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சொல் சொன்னாள். சின்னச் சொல். உதடு ஒட்டிப் பிரிந்தது, கடைசியில் குவிந்தது, முதல் எழுத்துக்கு மூக்கு அதிர்ந்தது. பக்கு இல்லை. மக்கு.

“கேட்டுச்சுடி” என்றேன்.